தோட்டத்துப் பாழ்ங்கிணறு



சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் மாந்தோப்புகள் மிகுதி. அத்தோப்புகளுக்குள் சற்று நடந்து பார்த்தால், பெரும்பாலும் ஒரு மூலையில் புதர் மண்டிய பள்ளம் ஒன்று கண்ணில் படும். அருகே சென்றால்தான் அது கிணறு என்பது தெரியும். சுவரின் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கும். கவலைக்கால் நட்ட கற்கள் இரண்டும் ஒன்று சாய்ந்தும் ஒன்று நிமிர்ந்தும் நிற்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் நீர் இராது. இருந்தாலும் அதன்மேல் குப்பை மிதக்கும். திருப்பதி நகரத்திலோ பழைய வீடுகளின் கொல்லையில் இருக்கும் கிணற்றுக்குப் பலகை போட்டு, அதன்மேல் தட்டுமுட்டுச் சாமான்களை அடுக்கியிருப்பார்கள்.

இத்தகைய கிணற்றை வைத்திருப்பவர்முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று தூர்ப்பது, மற்றொன்று தூர்வாருவது. சொல்லளவில் இரண்டும் நெருங்கிய உறவு. செயலளவில் ஒன்று முடிவு, மற்றொன்று தொடக்கம். தூர்ப்பதற்கு நான்கு வண்டி மண் போதும். தூர்வாருவதற்கு அறிவும் பொறுமையும் எச்சரிக்கையும் வேண்டும். அந்த மூன்றையும் பற்றித்தான் இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

பழைய கிணற்றைப் புதுப்பித்தல் இந்தப் பகுதிக்குப் புதிய எண்ணம் அன்று. சித்தூருக்கு அருகேயுள்ள காணிப்பாக்கத்தின் தல வரலாற்றை உங்களில் பலர் அறிவீர்கள். பேச இயலாதவர் ஒருவர், கேட்க இயலாதவர் ஒருவர், பார்க்க இயலாதவர் ஒருவர் என உடன்பிறந்தார் மூவர் அங்கே ஒரு சிறு நிலத்தை ஏற்றம் இறைத்துப் பயிர் செய்து வந்தார்களாம். ஒரு நாள் கிணறு வற்றிவிட்டது. மூவரில் ஒருவர் உள்ளே இறங்கி, அதை இன்னும் ஆழமாக்கத் தோண்டினார். இரும்பு ஒரு கல்லின்மேல் பட்டது; நீர் குருதி நிறமாயிற்று; மூவரின் குறையும் நீங்கியது; கல்லாகக் காணப்பட்டது பிள்ளையார் திருவுருவம் என்பது வரலாறு. ஊரார் உடைத்த தேங்காய்களின் நீர் ஒரு காணி நிலத்துக்குப் பாய்ந்ததால் ஊருக்கு அப்பெயர் வந்தது என்றும் சொல்வார்கள். இன்றும் வரசித்தி விநாயகர் அங்கே கிணற்றின் ஊற்றிடையேதான் எழுந்தருளியிருக்கிறார்.

திருமலையிலும் இதையொத்த ஒரு வரலாறு உண்டு. ரங்கதாசர் என்னும் அடியவர் இறைவனுக்கு மலர்த்தோட்டம் அமைத்து, அதற்கு நீர் பாய்ச்ச ஒரு கிணறு வெட்டினார். காலப்போக்கில் அது பாழாயிற்று. அவரே மறுபிறவியில் தொண்டைமான் சக்கரவர்த்தியாகப் பிறந்தபோது, முற்பிறவியில் தாம் வெட்டிய கிணற்றைச் சீர்ப்படுத்துமாறு இறைவன் பணித்தான் என்பது தலபுராணம். அக்கிணற்றைப் பூங்கிணறு என்கிறார்கள். தெலுங்கில் பூல பாவி. இராமானுசரின் சீடரான அனந்தாழ்வான் திருமலையில் நந்தவனத்துக்காகத் தம் கையாலேயே நீர்நிலை தோண்டியதையும், அவர் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் கடப்பாரை இன்றும் திருக்கோயிலின் பெருவாயிலில் தொங்குவதையும் மலைக்குச் சென்றவர்கள் அறிவார்கள்.

இவற்றைப் புராணம் என்று மட்டும் கொண்டாலும் நமக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. காணிப்பாக்கத்து மூவர் கிணறு வற்றியதும் அதைக் கைவிட்டு வேறிடத்தில் தோண்டவில்லை. தொண்டைமானுக்கு இடப்பட்ட கட்டளையும் புதுக் கிணறு வெட்டு என்பதன்று. பழையதைச் சீராக்கு என்பதே. முன்னோர் ஓரிடத்தில் கிணறு எடுத்தார்கள் என்றால், அங்கே நீர் உண்டு என்று பலநாள் பார்த்துத் தேர்ந்திருப்பார்கள். அந்தத் தேர்வை நாம் எளிதில் வீணாக்கலாகாது.

அப்படியானால் நல்ல கிணறுகள் ஏன் வற்றின? இதைத் தெரிந்துகொள்ளாமல் மண்வெட்டியை எடுத்துப் பயனில்லை. சித்தூர்ச் சீமை பெரும்பாலும் பாறை நிலம். மேலே சில அடி மண். அதன்கீழ் காலத்தால் நைந்து உதிர்ந்த பாறை. அதற்கும் கீழே கெட்டியான கருங்கல். மழைநீர் தங்குவது முக்கியமாக அந்த நைந்த பாறைப் பகுதியிலேதான். கெட்டிப் பாறையில் வெடிப்புகள் இருந்தால் அவற்றிலும் ஓரளவு தங்கும். நம் முன்னோர் வெட்டிய கிணறுகள் அந்த நைந்த பகுதியில் ஊறும் நீரை நம்பியவை. அந்நாளில் இறைத்தது மாட்டைப் பூட்டிய கவலை. பெரிய சாலும், அதன் அடியில் தோலாலான வாலும், இரண்டு கயிறுகளும் கொண்ட அந்தக் கருவி, மாடுகள் சரிவில் இறங்கும்போது நீரை மேலே கொணர்ந்து வாய்க்காலில் கொட்டும். மாடு களைத்தால் இறைப்பு நிற்கும். இறைப்பு நின்றால் கிணறு ஊறும். மாட்டின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது எனலாம்.

பின்னர் எண்ணெய் எஞ்சினும் மின்சார மோட்டாரும் வந்தன. அவற்றுக்குக் களைப்பு இல்லை. அதன்பின் ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன. அவை கெட்டிப் பாறையைத் துளைத்து, வெடிப்புகளில் இருந்த நீரையும் எடுத்தன. கீழே நீர் குறையக் குறைய, மேலே இருந்த நீரும் இறங்கிற்று. மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளில் ஆயிரம் அடி வரை துளையிட்டும் நீர் காணாதோர் உண்டு. பக்கத்திலே ஆழ்குழாய் இறங்க இறங்க, திறந்த கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வறண்டன. திருப்பதி நகரத்தில் வேறொரு காரணமும் சேர்ந்தது. கல்யாணி அணை நீரும் தெலுங்கு கங்கை நீரும் குழாய்வழி வீட்டுக்கே வந்தபின், கொல்லைக் கிணற்றில் வாளி விடுவார் இல்லாமற் போயினர்.

ஆகவே பாழ்ங்கிணறு ஒவ்வொன்றும் ஒரே நோயால் பாழானதன்று. சிலவற்றில் நீர் உண்டு, ஆள்தான் இல்லை. சிலவற்றில் ஊற்றுக்கண் தூரால் அடைபட்டிருக்கிறது. சிலவற்றிலோ சுற்றுப்புற நீர்மட்டமே இறங்கிவிட்டது. முதல் இரண்டும் தூர்வாரினால் தீரும். மூன்றாவது தூர்வாரினால் மட்டும் தீராது. மழைநீரையும் திருப்பித் தரவேண்டும். உம்முடைய கிணறு எவ்வகை என்பதை அறிய, அக்கம்பக்கத்துக் கிணறுகளில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று மழைக்காலத்திலும் கோடையிலும் அளந்து பாருங்கள். ஒரு கயிறும் ஒரு கல்லும் போதும். பக்கத்துக் கிணற்றில் நீர் இருந்து உம்முடையதில் இல்லையேல், பெரும்பாலும் அடைப்பே காரணம்.

வேலையைத் தொடங்கும் பருவம் முக்கியம். மாசி முதல் சித்திரை வரையிலான காலமே ஏற்றது. அப்போது நீர் கீழே இருக்கும், நிலமும் உலர்ந்திருக்கும். பெருமழைக்குப் பின்னர்க் கிணற்றையோ தரைக்கீழ்த் தொட்டியையோ வெறுமையாக்குவது ஆபத்து. சுற்றியுள்ள மண் நீரில் ஊறிக் கனத்து, நாற்புறமும் அழுத்தும். உள்ளே எதிர்த்து நிற்கும் நீரை நாம் இறைத்துவிட்டால் சுவர் உள்ளே சரியும். அடி மூடப்பட்ட தொட்டியாயின், அது படகு போல மிதந்தெழவும் கூடும். இதைக் கற்பனை என்று எண்ணவேண்டா. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் திருப்பதியில் வரலாறு காணாத மழை பெய்தது. அதன்பின் ஒரு வீட்டில் தரைக்குள் புதைத்திருந்த சிமெண்டு வளையத் தொட்டியைத் துப்புரவு செய்துகொண்டிருந்தபோது, அது பூமியைப் பிளந்துகொண்டு ஆளுயரத்துக்கும் மேலாக எழுந்து நின்றது. ஊரே திரண்டு வந்து அதிசயம் என்று பார்த்தது. அதில் அதிசயம் இல்லை, நீரின் அழுத்தம்தான். உறை இறக்கிய கிணறு வைத்திருப்போர் இதை நன்கு மனத்தில் கொள்ளவேண்டும்.

அடுத்துச் சொல்லப்போவது இந்தப் பேச்சில் தலையாயது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பது பழமொழி. பாழ்ங்கிணற்றில் உண்மையாகவே ஒரு பூதம் உண்டு. அதற்கு உருவம் இல்லை. பலவேளை மணமும் இல்லை. விழுந்த இலை தழைகளும் செத்த உயிர்களும் மக்கும்போது காற்றிலுள்ள பிராணவாயு செலவாகிறது; கரியமிலவாயு உண்டாகிறது. அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. ஆகவே கிணற்றின் அடியிலேயே தங்கிவிடும். சேற்றைக் கிளறும்போது அழுகிய முட்டை நாற்றமுடைய வேறொரு நச்சுவாயு வெளிப்படலாம். அது மிகுந்தால் மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணுபவர் மடிந்து விழுவார். இவ்வாறு ஒருவர் விழுந்ததும் அவரைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்குவார். அவரைத் தேடி மூன்றாமவர் இறங்குவார். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேரைக் கிணறு விழுங்கிய செய்தியை நாம் ஆண்டுதோறும் நாளேடுகளில் படிக்கிறோம். அவர்கள் எல்லாரும் துணிவுள்ளவர்கள், அன்புள்ளவர்கள். துணிவும் அன்பும் அங்கே உதவவில்லை.

பெரியோர்கள் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் இறங்கமாட்டார்கள். அது நல்ல வழக்கமே. ஆனால் அணையாவிட்டால் ஆபத்து இல்லை என்று கொள்வது தவறு. நச்சுவாயு சிறிதளவு இருந்தாலும் கொல்லும். விளக்கோ அதைக் காட்டாது. எரியும் வாயு உள்ளே இருந்தால் விளக்கே தீயை மூட்டிவிடும். ஆகவே இந்நாளில் வாயுவை அளக்கும் கருவி உடையவர்களைக் கொண்டு சோதிப்பதே முறை. கிணற்றின் வாயை இரண்டொரு நாள் திறந்து வைத்து, காற்றுக் குழாய் இறக்கி ஊதுவிசிறியால் அடிவரை புதுக்காற்றுச் செலுத்தவேண்டும். இறங்குபவரின் மார்பிலும் தோளிலும் பட்டைக் கச்சை பூட்டி, அதன் கயிறு மேலே உருளையோடு இணைந்திருக்கவேண்டும். மேலே குறைந்தது இருவர் கண்ணெடுக்காமல் நிற்கவேண்டும். உள்ளே இருப்பவருக்குத் தலை சுற்றினால் மேலே இருப்பவர்கள் கயிற்றை இழுக்கவேண்டுமே ஒழிய, யாரும் இறங்கலாகாது. தீயணைப்புப் படைக்குச் சொல்லியனுப்புங்கள். இது நூறு முறை சொல்லத்தக்க சொல்.

எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டும் வழக்கமும் நம் பக்கம் இருந்தது. மேலிருந்து உறிஞ்சும் பம்பு நடைமுறையில் சுமார் ஏழு மீட்டர் ஆழத்துக்குமேல் நீரைத் தூக்காது. அதனால் எஞ்சினையே நீருக்கருகில் கொண்டுசென்றார்கள். எஞ்சினின் புகையில் நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு உண்டு. ஆள் இறங்கும் கிணற்றில் எஞ்சின் வைப்பது அறவே ஆகாது. நீர்மூழ்கி மின்பம்பு வைத்தாலும், அது ஓடும்போது உள்ளே எவரும் இருக்கலாகாது.

இனி, வேலையின் வரிசை. முதலில் வெளிப்புறம். கிணற்றைச் சுற்றிப் பத்தடிக்குப் புதரை அகற்றுங்கள். பாம்பும் தேளும் அங்கேதான் குடியிருக்கும். சுவரில் வளர்ந்த அரசையும் ஆலையும் வெட்டும்போது அவசரம் வேண்டா. வேர் கல்லைப் பிடித்திருக்கிறது. கல் வேரைப் பிடித்திருக்கிறது. வேரை வலிந்து பிடுங்கினால் வரிசை வரிசையாகக் கல் விழும். கிளையையும் தண்டையும் முதலில் அறுத்து, வேரைத் துண்டு துண்டாக எடுத்து, எடுத்த இடத்தை அன்றன்றே சுண்ணாம்புச் சாந்தாலோ சிமெண்டாலோ நிரப்புவது நலம். சுவர் பிதுங்கி நின்றால் தேர்ந்த கொத்தரை அழைத்துக் காட்டியபின்னரே உள்ளே ஆளை இறக்கவேண்டும்.

பின்னர் நீரை இறைக்கவேண்டும். ஒரே மூச்சில் வற்றடிக்காமல், நாளுக்குச் சில அடியாக இறைத்தால் சுவருக்கு நல்லது. அதன்பின் தூர். மிதக்கும் குப்பை, கண்ணாடி, பிளாஸ்டிக் ஆகியவற்றைத் தனியே பிரியுங்கள். அடியில் படிந்த கருமண் தூயதாக இருந்தால் மரங்களுக்கு நல்ல உரம்; கழிவுநீர் கலந்ததாக இருந்தால் அதைத் தோட்டத்தில் சேர்க்கலாகாது. நம் தெலுங்கு அண்டையார் தூரைப் பூடிக என்பார்கள். பூடிக எடுக்கும்போது கைவேகம் குறையவேண்டிய கட்டம் ஒன்று வரும். குழைசேறு முடிந்து, நறுநறுவென்று மணல் கைக்குத் தட்டுப்படும் கட்டம் அது. ஊற்றுக்கண்கள் அங்கேதான் இருக்கும். அவற்றைக் கையால் துழாவித் திறக்கவேண்டும். கடப்பாரையால் குத்திப் பெரிதாக்கவேண்டியதில்லை. சுவரைச் சீராக்குவதாக எண்ணி அடிமுதல் நுனிவரை சிமெண்டு பூசிவிடுவோர் உண்டு. அது கிணற்றைத் தொட்டியாக்கும் வேலை. மேற்புறம் சுமார் ஆறு மீட்டர் வரை நீர் கசியாதபடி பூசலாம். ஏனெனில் மேல்மண்ணின் அழுக்கு உள்ளே வரலாகாது. அதற்குக் கீழே கற்களின் இடுக்குகள் திறந்தே இருக்கட்டும். நீர் நுழையும் வாயில்கள் அவை.

இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வட்டெர சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக மண் வெட்டுவதிலும் கல் உடைப்பதிலும் பேர்பெற்றவர்கள். நம் எல்லையை அடுத்த பெங்களூரில் 1870-இல் அமைந்த கப்பன் பூங்காவின் பழைய கிணறுகள் குப்பை நிரம்பிக் கிடந்தன. கடந்த பத்தாண்டுகளுக்குள் அவற்றைத் தூர்வாரி நீர் காணச் செய்தவர்கள் மண்ணு வட்டர் என்னும் கிணறு வெட்டும் தொழிலாளர்கள். பூங்காவின் செடிகளுக்கு அந்நீர் பயன்படுகிறது. சிக்கந்தராபாத்தில் பன்சிலால்பேட்டைப் படிக்கிணறு பல்லாண்டுகளாகக் குப்பைமேடாக இருந்து, 2022 திசம்பரில் மீண்டும் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. இவை பெரிய வேலைகள். ஆயினும் அடிப்படை ஒன்றே: குப்பையை எடு, ஊற்றைத் திற. இத்தொழிலாளர்களுக்குக் கூலி பேசும்போது ஓர் அடிக்கு இவ்வளவு என்று மட்டும் பேசாமல், கச்சைக்கும் கயிற்றுக்கும் காற்றுக்கருவிக்கும் சேர்த்துப் பேசுவது உடையவரின் கடமை. அவர்களுடைய உயிரை வைத்து நாம் சிக்கனம் செய்யலாகாது.

தூர் எடுத்து முடிந்தபின் அடியில் பரும்படி மணலும் அதன்மேல் கழுவிய சரளையும் பரப்புங்கள். நீர் ஊறத் தொடங்கியதும் கிணற்றின் வலிமையை அளக்கலாம். பத்தடி, அதாவது மூன்று மீட்டர் குறுக்களவுள்ள வட்டக்கிணற்றில் நீர் ஒரு மீட்டர் உயர்ந்தால் சுமார் 7,000 லிட்டர் சேர்ந்தது என்று பொருள். ஒரு மணி நேரத்தில் 30 சென்டிமீட்டர் உயர்ந்தால் மணிக்கு 2,100 லிட்டர் ஊறுகிறது. அந்தக் கணக்குக்கு உட்பட்டு இறைத்தால் கிணறு நிலைக்கும்.

அந்நீரைக் குடிக்கலாமா? உடனே குடிக்கலாகாது. முதலில் ஊறும் நீரை இரண்டு மூன்று முறை இறைத்துக் கொட்டவேண்டும். பிறகு சுகாதாரத் துறையினரைக் கேட்டு, பிளீச்சிங் பவுடரைச் சற்று மிகுதியாகவே கலந்து ஒரு நாள் வைத்து, மணம் போகுமட்டும் இறைத்துவிடவேண்டும். பின்னர் வழக்கமாகத் தூய்மை செய்யும்போது, ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. மேற்சொன்ன கிணற்றில் மூன்று மீட்டர் நீர் நின்றால் அது ஏறத்தாழ 21,000 லிட்டர். பவுடர் சுமார் 53 கிராம். அதை ஒரு வாளி நீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிவை மட்டும் கிணற்றில் கலக்கவேண்டும். ஒரு மணி நேரம் கழிந்தபின் நீர் எடுக்கலாம். நம் பாறை நிலத்தில் சில இடங்களில் புளோரைடு மிகுதி. லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குள் இருப்பது நலம்; ஒன்றரைக்கு மேற்பட்டால் குடிக்கலாகாது. கொதிக்க வைத்தால் அது போகாது. ஆகையால் ஆய்வுச்சாலையில் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். குடிக்க ஆகாத நீரும் செடிக்கும் துணிக்கும் ஆகும்; அதனால் சோர்வடைய வேண்டுவதில்லை.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இரண்டரை அடியாவது வேண்டும். சுற்றிலும் மூன்றடிக்குச் சிமெண்டுத் தளமும், சிந்திய நீர் ஓட வாய்க்காலும் அமையட்டும். கழிப்பறைக் குழியும் மாட்டுத்தொழுவமும் ஐம்பது அடிக்கு அப்பால் இருக்கட்டும். கொசு முட்டையிடாதவாறு வலை போட்டு மூடி, கப்பி மீன்கள் சில விடலாம். சுவரற்ற கிணறு மனிதருக்கும் ஆபத்து, விலங்குக்கும் ஆபத்து. கௌண்டின்ய வனத்தின் யானைகள் தோட்டங்களுக்கு வரும் பகுதி நம்முடையது. 2022 நவம்பரில் பங்காருபாளையம் பக்கத்தில் ஒரு யானை வயற்கிணற்றில் விழுந்து, வனத்துறையினர் கரையைச் சரித்து வழியமைத்த பிறகே வெளியேறிற்று. யானைக்கே இந்தக் கதி என்றால், இரவில் வழிதவறும் குழந்தைக்கு என்ன ஆகும்? எக்காரணத்தாலேனும் புதுப்பிக்க இயலாத கிணற்றை, வலுவான கம்பி மூடியிட்டாவது காப்பது சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதன்று, மனச்சான்றுக்குச் செய்வது.

இவ்வளவும் செய்தால் பாதி வேலை முடிந்தது. மறுபாதி மழையைக் கிணற்றுக்குத் திருப்பித் தருவது. நம் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவமும் தருகிறது. வடகிழக்குப் பருவமும் தருகிறது. நூறு சதுர மீட்டர்க் கூரையுள்ள வீட்டின்மேல் ஆண்டில் விழும் மழை 90,000 லிட்டர். சிதறியும் உலர்ந்தும் போனது போக 70,000 லிட்டரையாவது பிடிக்கலாம். அதைச் சாக்கடையில் விட்டுவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது விந்தையன்றோ? கூரைநீரைக் குழாய்வழி ஒரு வடிகட்டித் தொட்டிக்குக் கொணருங்கள். அதில் கீழே கருங்கல் சல்லி, நடுவே சரளை, மேலே மணல் இருக்கட்டும். வடிந்த நீர் கிணற்றுக்குள் செல்லட்டும். முதல் மழையின் அழுக்குநீரை மட்டும் வெளியே விட்டுவிடவேண்டும். தெருவில் ஓடும் நீரையும், பூச்சிமருந்து அடித்த வயலின் நீரையும் நேரே கிணற்றில் விடலாகாது. அது நிலத்தடி நீருக்கே நஞ்சிடுவதாகும். அத்தகைய நீரைத் தோட்டத்தில் குழிவெட்டித் தேக்கி, மண்ணின்வழி மெல்ல இறங்கச் செய்யவேண்டும்.

இந்த வகையில் வறண்ட கிணறுகூடப் பயனற்றதன்று. ஆழ்குழாய்க்குள் நீரை இறக்குவது கடினம். அகன்ற கிணற்றில் அது எளிது. நைந்த பாறைப் பகுதியை நேரே தொட்டு நிற்கும் வாய் அது. ஓர் ஊரில் பத்துப் பாழ்ங்கிணறுகள் மழையை உண்டால், பதினோராவது கிணற்றில் நீர் உயரக்கூடும். ஆந்திரத்தில் 2002-இல் நீர், நிலம், மரங்களுக்கான சட்டம் இயற்றி, கிணறுகளைப் பதிவு செய்யவும் வரம்பின்றித் தோண்டுவதைத் தடுக்கவும் வகை செய்தார்கள். எடுப்பதற்கு வரம்பு கட்டச் சட்டத்தால் இயலும். கொடுப்பதற்கு ஊராரின் மனம் வேண்டும். ஏனெனில் நீர் வேலியறியாது. நான் விட்ட மழை என் கிணற்றில் மட்டும் நிற்காது. பக்கத்துத் தோட்டத்துக்கும் போகும். அதை நட்டம் என்று கருதுவோர் தனித்தனியே வறள்வார்கள்; உறவு என்று கருதுவோர் கூடிப் பிழைப்பார்கள்.

இறுதியாக ஒன்று. இறைத்த கிணறு ஊறும், இறையாத கிணறு நாறும் என்பார்கள். இது வெறும் பழமொழியன்று. நீரை எடுக்க எடுக்க, ஊற்றுக்கண்ணில் மண் படியாமல் நீரோட்டம் தொடர்ந்து இருக்கும். தேங்கிய நீரிலோ தூசி படிந்து கண் அடைபடும். ஆகவே செலவிட்டுத் தூர்வாரிய கிணற்றைப் பூட்டி வைத்துவிடாதீர்கள். நாள்தோறும் பத்து வாளியாவது எடுங்கள். துளசி மாடத்துக்கும், வாழைக்கும், மல்லிகைக்கும் அந்நீர் போகட்டும். பூந்தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவதற்கென்றே கிணறு வெட்டிய அடியவரைப் போற்றும் நாடு இது. மூன்றாண்டுக்கு ஒருமுறை கோடையில் தூரைப் பாருங்கள். கைப்பிடிச் சுவரில் நீர்மட்டத்தின் அளவை மாதந்தோறும் குறித்து வையுங்கள். வீட்டுப் பிள்ளைகளிடமே அந்த வேலையை ஒப்படைக்கலாம். எந்த மாதம் நீர் ஏறுகிறது, எந்த மாதம் இறங்குகிறது என்று அறிந்து வளரும் பிள்ளை, பெரியவனானபின் கிணற்றைத் தூர்க்கமாட்டான்.

வரும் கோடையில் உங்கள் தோட்டத்து மூலைக்கு ஒருமுறை சென்று பாருங்கள். ஒரு கயிறும் ஒரு கல்லும் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கவேண்டா, அளந்து பாருங்கள். அதுவே தொடக்கம்.